வெண்பனிப் பாதையும் நான்கு டயர்களும்

பனி என்று நாம் ஊரில் சொல்லிப் பழகியது வேறு. மார்கழி விடியற்காலையில் வாசலில் கோலமிடும் பெண்டிரின் தலையை நனைப்பது பனி. வைக்கோற்போரின்மேல் ஈரமாகப் படிந்து, வெயில் ஏறியதும் இருந்த இடம் தெரியாமல் மறைவது பனி. தலைநகருக்குக் குடிவந்த பின்னர் மூடுபனியின் தொல்லையையும் அறிந்துகொண்டோம். ஆயினும், சாலையின்மேல் வெள்ளைப் பஞ்சாக விழுந்து, வண்டிகள் ஏறி ஏறி இறுகிப் பாறையாகி, ஓடும் காரைத் தன் போக்கில் இழுத்துச் செல்லும் வெண்பனியை நாங்கள் நேரில் கண்டது இமாசலப் பிரதேசத்து மணாலியில்தான். கண்ட முதல் நாளே அது எங்களுக்கு ஒரு பாடமும் புகட்டியது.

நம் சங்கத்து அன்பர்களில் பலர் குளிர்கால விடுமுறையில் குடும்பத்துடன் சொந்தக் காரில் மணாலிக்கும் சிம்லாவுக்கும் செல்பவர்கள். எங்கே தங்கலாம், எங்கே இட்லி கிடைக்கும், எத்தனை கம்பளி எடுத்துக்கொள்ள வேண்டும் என்றெல்லாம் ஒருவரையொருவர் விசாரிக்கிறோம். எந்த டயருடன் போவது என்று விசாரிப்பவர் அரிது. நாங்களும் விசாரிக்கவில்லை. ஆகவே எங்களுடைய இரண்டு பிரயாணங்களின் விவரத்தையும், இடைப்பட்ட காலத்தில் டயர்களைப் பற்றி நாங்கள் அறிந்துகொண்டவற்றையும் இங்கே எழுதத் துணிகிறோம்.

மலையின் புதிய வாசல்

தில்லியிலிருந்து மணாலி ஏறத்தாழ 530 கிலோமீட்டர். பானிப்பட்டு, அம்பாலா, சண்டிகர் வரையில் சமவெளி. குளிர்காலத்தில் சாலையின் இருபுறமும் கடுகு பூத்து மஞ்சள் கம்பளம் விரித்தாற்போல் இருக்கும். கீரத்பூரைக் கடந்தால் மலை ஆரம்பம். பிலாஸ்பூர், சுந்தர்நகர், மண்டி என்று ஊர்கள் ஒவ்வொன்றாக வருகின்றன. மண்டி முதற்கொண்டு பியாஸ் நதி நமக்கு வழித்துணை. குல்லுவைத் தாண்டியதும் ஆப்பிள் தோட்டங்கள். அக்காலத்தில் அவை இலை உதிர்ந்து வெறுங்கிளைகளாக நிற்கும். மணாலி, கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்குச் சற்று மேற்பட்ட உயரத்தில் அமைந்த ஊர்.

மணாலிக்கு வடக்கே காவற்காரன்போல் நிற்பது ரோத்தாங் கணவாய். அதன் உயரம் 3,978 மீட்டர். முற்காலத்தில் ஆண்டில் ஏறக்குறைய ஆறு மாதம் அக்கணவாய் பனியால் மூடிக் கிடக்கும். அப்பால் உள்ள லாஹுல் பள்ளத்தாக்கின் மக்கள் அம்மாதங்களில் வெளியுலகத் தொடர்பு அற்றவர்களாய் வாழ்ந்தனர். 2020 அக்டோபர் 3-ஆம் நாள் அடல் சுரங்கப்பாதை திறக்கப்பட்டதும் இந்நிலை மாறியது. கணவாய்க்கு அடியில் மலையைக் குடைந்து அமைத்த இப்பாதையின் நீளம் 9.02 கிலோமீட்டர். மணாலிக்கும் கேலாங்குக்கும் இடையே 46 கிலோமீட்டர் தூரம் குறைந்துவிட்டது. சுரங்கத்தின் தென்வாயில் 3,060 மீட்டர் உயரத்திலும், வடவாயில் 3,071 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன.

லாஹுல் மக்களுக்கு இது பெரும் வரப்பிரசாதம். நம்மைப் போன்ற சமவெளி வாசிகளுக்கோ இது ஒரு புதிய ஆசையைத் தந்தது. முன்பு தை மாதத்தில் நம் கார்கள் மணாலியோடு நின்றுவிடும். இப்போது நேற்றுத் தில்லியில் பால் வாங்கப் போன அதே சிறு கார் இன்று 3,000 மீட்டர் உயரத்தில், வெண்பனிக்கு நடுவே நிற்கிறது. சாலை மாறிவிட்டது, காரின் டயர் மாறவில்லை. தொல்லை இங்கேதான் தொடங்குகிறது. 2024 டிசம்பர் 27 அன்று சோலங் பகுதியில் பலத்த பனி பெய்தபோது சுமார் 1,000 வண்டிகளும் சுமார் 5,000 பயணிகளும் அங்கே அகப்பட்டுக்கொள்ள, குல்லு மாவட்டப் போலீசார் அவர்களை மீட்க நேர்ந்த செய்தியை அன்பர்கள் பத்திரிகைகளில் படித்திருக்கலாம்.

முதற் பிரயாணம்

எங்கள் அன்னையாருக்கு வயது எழுபதுக்கு மேல். காவிரிக் கரையை விட்டு எங்களுடன் தலைநகரில் வாழ வந்தவர். “கைலாசம் போக எனக்குக் கொடுத்து வைக்கவில்லை, வெண்பனியையாவது ஒரு முறை கையால் தொட்டுப் பார்த்துவிட வேண்டும்” என்பது அவருடைய நெடுநாளைய விருப்பம். அதை நிறைவேற்றவே ஒரு ஜனவரி மாதம் புறப்பட்டோம். காருக்கு எண்ணெய் மாற்றினோம், பிரேக்கைச் சோதித்தோம், டயருக்குக் காற்றுப் பிடித்தோம். டயர்கள் ஓராண்டுக்கு முன் வாங்கியவை. பட்டன் நன்றாக இருந்தது. அதற்குமேல் எண்ணிப் பார்க்க எங்களுக்குத் தோன்றவில்லை.

காலையில் சுரங்கத்தின் வழியே சென்று மறுபுறம் சிசு கிராமத்தைக் கண்டோம். வானம் தெளிந்திருந்தது. சாலையில் பனி அகற்றப்பட்டுக் கறுப்புத் தார் தெரிந்தது. ஆகவே அச்சம் ஏதும் இல்லை. மாலை நான்கு மணிக்குமேல் திரும்பினோம். சுரங்கத்தின் தென்வாயிலிலிருந்து சோலங் நோக்கி இறங்கும் சாலையில் அதற்குள் சூரியன் மலைக்குப் பின்னால் மறைந்துவிட்டான். பகலில் உருகிச் சாலையில் ஓடிய நீர் மறுபடியும் உறைந்து கண்ணுக்குத் தெரியாத கண்ணாடித் தகடாகப் படிந்திருந்தது.

ஒரு வளைவில் பிரேக்கைத் தொட்டோம். மிதி காலடியில் படபடவென்று நடுங்கியது, கார் நிற்கவில்லை. ஸ்டியரிங்கைத் திருப்பினோம்; சக்கரம் திரும்பியது, கார் திரும்பவில்லை. நாலைந்து வண்டி நீளத்துக்கு அது பக்கவாட்டில் மெல்ல மெல்ல நகர்ந்தது. வேகம் அதிகமில்லை என்பதே அதன் பயங்கரம். நடப்பது எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருக்கலாம், செய்வதற்கு ஒன்றும் இல்லை. அதிர்ஷ்டவசமாக மலைப்பக்கத்துப் பனிக்குவியலில் முட்டி நின்றோம். அடுத்த பக்கம் பள்ளத்தாக்கு.

பின்னால் வந்த உள்ளூர் வாடகைக் கார் ஓட்டுநர் ஒருவர் தம் வண்டியை நிறுத்திவிட்டு ஓடி வந்தார். சாலையோரத்து மண்ணை வாரிச் சக்கரங்களுக்கு முன்னால் தூவினார். எங்கள் காரின் கால்மிதிகளை எடுத்து முன்சக்கரங்களுக்கு அடியில் விரித்தார். வண்டி அசைந்து சாலைக்கு வந்தது. பிறகு குனிந்து எங்கள் டயரை விரல் நகத்தால் அழுத்திப் பார்த்து, “பாயி சாஹப், டயர் நல்ல டயர்தான், ஆனால் இந்த ஊர் டயர் அல்ல” என்று இந்தியில் சொன்னார்.

அன்றிரவு அறையில் அன்னையாரிடம், “பனியைப் பார்த்தீர்களா, அம்மா?” என்று கேட்டோம். “பனியை எங்கே பார்த்தேன்? நீங்கள் எல்லாரும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைத்தான் பார்த்தேன்” என்றார். அந்தச் சொல் எங்கள் நெஞ்சில் தைத்தது.

ஹவில்தார் அண்ணாவின் பாடம்

ஊர் திரும்பியதும், இராணுவத்தின் மோட்டார்ப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்ற வேலூர் நண்பர் ஒருவரைத் தேடிச் சென்றோம். லடாக்கில் பல குளிர்காலங்களைக் கழித்தவர். எங்கள் வட்டாரத்தில் எல்லாரும் அவரை ஹவில்தார் அண்ணா என்றே அழைப்பார்கள். நாங்கள் கதையைச் சொல்லி முடித்ததும், “தம்பி, என்ஜின் வண்டியைப் புறப்பட வைக்கும், நிற்க வைப்பது டயர்தான்” என்று தொடங்கினார். அவர் சொன்னவற்றையும், பின்னர் நாங்கள் நூல்களில் கண்டு தெளிந்தவற்றையும் சேர்த்துத் தருகிறோம்.

ஒரு டயர் தரையைத் தொடும் இடம் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவுதான். ஆயிரம் கிலோவுக்கு மேற்பட்ட காரும், அதனுள் இருக்கும் குடும்பமும் நான்கு உள்ளங்கை ரப்பரை நம்பியே மலை ஏறி இறங்குகின்றன. அந்த ரப்பரின் குணம் வெப்பநிலைக்கு ஏற்ப மாறும். நம் நாட்டில் சாதாரணக் கார்களோடு வரும் டயர்கள் கோடை வெயிலையும் மழையையும் மனத்தில் கொண்டு செய்யப்பட்டவை. சுமார் 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே குளிர் இறங்கினால் அந்த ரப்பர் இறுகத் தொடங்குகிறது. இறுகிய ரப்பர் சாலையின் மேடுபள்ளங்களில் படிந்து பற்றாமல் பலகைபோல் வழுக்குகிறது. உள்ளூர் ஓட்டுநர் நகத்தால் அழுத்திப் பார்த்ததன் பொருள் இதுவே.

குளிர்கால டயரின் ரப்பர் வேறு கலவை. அதில் இயற்கை ரப்பரும் சிலிக்காவும் தாராளமாகச் சேர்ப்பார்கள். இயற்கை ரப்பர், பூச்சியத்துக்குக் கீழே சுமார் 70 டிகிரி வரையில் கண்ணாடித் தன்மை அடையாது. நம் கன்னியாகுமரி மாவட்டத்துத் தோட்டங்களில் விடியற்காலையில் சிரட்டையில் வடியும் அதே ரப்பர்ப் பால்தான், வெண்பனியில் நெகிழ்ச்சி குன்றாமல் நின்று வண்டியைக் காக்கிறது என்பதை அறிந்தபோது எங்களுக்கு வியப்பாக இருந்தது.

இரண்டாவது, டயரின் மேற்பரப்பு. பட்டன்களுக்கு இடையே அகன்ற பள்ளங்கள் இருந்தால் அவற்றுள் வெண்பனி புகுந்து அடைபடும். அடைபட்ட பனி சாலையில் உள்ள பனியைப் பற்றிக்கொள்ளும். பனிக்குப் பனியே பிடிப்பு. அன்றியும், ஒவ்வொரு பட்டனிலும் கத்தியால் கீறினாற்போல் மெல்லிய பிளவுகள் பல இருக்க வேண்டும். டயர் உருளும்போது அவை விரிந்து, நூற்றுக்கணக்கான சிறு விளிம்புகளாகப் பனியைக் கவ்வும். இவ்வகைப் பிளவுகளுக்கு அமெரிக்கரான ஜான் சைப் என்பார் 1923-இல் காப்புரிமை பெற்றார். இன்றும் அவை அவர் பெயராலேயே வழங்குகின்றன.

குளிர் நாட்டவர் இவ்வகையில் நமக்கு மூத்தவர்கள். பின்லாந்தின் நோக்கியா நகரத்து ரப்பர்த் தொழிற்சாலை 1934-இல் லாரிகளுக்கும், 1936-இல் கார்களுக்கும் குளிர்கால டயர்களைச் செய்து அளித்தது. எல்லாப் பருவத்துக்கும் ஒரே டயர் என்னும் எண்ணம் பிற்காலத்தது. அமெரிக்காவின் குட்இயர் நிறுவனம் 1977-இல் ‘டியெம்போ’ என்னும் பெயரில் அத்தகைய டயரை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

பிடிப்பு என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை ஹவில்தார் அண்ணா தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார், உராய்வுக் குணகம் 0.7 உள்ள காய்ந்த தார்ச்சாலையில் பிரேக் பிடித்ததும் சுமார் 9 மீட்டரில் நிற்கும். இறுகிய வெண்பனியில் குணகம் 0.2 எனக் கொண்டால் 30 மீட்டருக்கு மேல் ஓடும். உறைந்த பனிக்கட்டியில் 0.1 எனக் கொண்டால் 60 மீட்டருக்கு மேல். ஓட்டுபவர் திடுக்கிட்டுக் காலை வைப்பதற்குள் கடக்கும் தூரம் இதில் சேரவில்லை. “நான்கு சக்கரத்துக்கும் விசை கொடுக்கும் வண்டி வைத்திருக்கிறேன் என்று பெருமை பேசுவார்கள். ஏறும்போது அது உதவும். இறங்கும்போது பிரேக் எல்லா வண்டிக்கும் நான்கு சக்கரத்தில்தான், தம்பி” என்று முடித்தார்.

டயரின் பக்கத்தில் எழுதியிருப்பது

பிறகு டயர் வாங்கப் புறப்பட்டோம். முதலில் நுழைந்த கடையில், “ஸார், இது எல்லாப் பருவத்துக்கும் ஆனது, பனியிலும் ஓடும்” என்று ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தார்கள். அதன் பக்கவாட்டில் எம், எஸ் என்னும் இரண்டு ஆங்கில எழுத்துகள் நடுவே கூட்டற்குறியுடன் இருந்தன. சேற்றுக்கும் பனிக்கும் ஆனது என்பது அவற்றின் பொருள். ஆனால் அவ்வெழுத்துகளைப் பொறிக்கப் பனியில் ஓட்டிச் சோதித்திருக்க வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. பள்ளங்களின் அமைப்பை வைத்துத் தயாரிப்பாளரே பொறித்துக்கொள்ளலாம். கடைக்காரர் பொய் சொல்லவில்லை. அக்குறி சொல்லக்கூடியது அவ்வளவுதான்.

நாம் தேட வேண்டிய குறி வேறு. மூன்று சிகரங்கள் கொண்ட மலை. அதன் நடுவே ஆறு கிளைகளுள்ள பனித்துகள். 1999-இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் உள்ள ரப்பர் உற்பத்தியாளர் சங்கங்கள் இக்குறியை ஏற்படுத்தின. இறுகிய வெண்பனியில் சோதிக்கும்போது, ஒப்பீட்டுக்கென வைத்த டயரைவிடக் குறைந்தது 10 சதவீதம் கூடுதலான இழுவை காட்டினால்தான் இக்குறி கிடைக்கும். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் கட்டாயம். அதற்கு அடையாளமாகக் கொள்வது இக்குறியையே. ஜெர்மனியிலும் 2024 செப்டம்பர் மாதத்துடன் வெறும் எம், எஸ் எழுத்துகளுக்கு இருந்த சலுகை முடிந்துவிட்டது.

இக்குறிக்கும் ஓர் எல்லை உண்டு. மூலச் சோதனை அளப்பது வெண்பனியில் புறப்படும் இழுவையை. வளைவில் திரும்புவதையோ, பனிக்கட்டியில் நிற்பதையோ அது அளப்பதில்லை. ஆகவே மலைக்குறி உள்ள டயர் என்றால் பனிக்கட்டியையும் வென்றுவிடும் என்று எண்ணிவிடலாகாது.

டயரின் மேல் கவனிக்க வேண்டிய வேறு சிலவும் உள. காரின் ஓட்டுநர் பக்கத்துக் கதவின் ஓரத்தில் உரிய டயர் அளவு எழுதியிருக்கும். உதாரணமாக 185/65 ஆர் 15 என்றால், அகலம் 185 மில்லிமீட்டர், பக்கவாட்டு உயரம் அகலத்தில் 65 சதவீதம், ரேடியல் வகை, சக்கரத்தின் விட்டம் 15 அங்குலம். அழகு கருதி இதைவிட அகலமான டயர் போடுவோர் உண்டு. வெண்பனிக்கு அது ஆகாது. அகன்ற டயர் பனியின்மேல் மிதக்கும். குறுகியது பனியை அழுத்திப் பிளந்து தரையை நாடும்.

பக்கவாட்டில் நான்கு இலக்கம் கொண்ட ஒரு தேதியும் இருக்கும். 3524 என்றால் 2024-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரத்தில் செய்தது. ரப்பர் வயதாக ஆக இறுகும். கடையில் பல ஆண்டு உறங்கிய டயரைப் புதியது என்று வாங்கிவிடக் கூடாது. பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டர் வரை தேயலாம் என்பது நம் நாட்டுச் சட்டம். வெண்பனிக்கு அது போதாது. ஆஸ்திரியாவில் குளிர்கால டயருக்கு 4 மில்லிமீட்டருக்குக் குறையாத ஆழம் வேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். மலை ஏறுவோர் அதையே தம் அளவாகக் கொள்வது நன்று.

எவருக்கு எது?

இதில் எல்லாருக்கும் ஒரே விடை இல்லை. நம் குடும்பங்கள் வாழும் இடமும் வாழ்க்கையும் வெவ்வேறு.

அரசாங்க உத்தியோகத்திலோ இராணுவத்திலோ ஸ்ரீநகர், லே, சிம்லா போன்ற ஊர்களில் குடியிருப்போர், குளிர்காலத்துக்கென்றே தனி டயர்கள் நான்கை வைத்துக்கொண்டு, நவம்பரில் மாட்டி, குளிர் தணிந்ததும் கழற்றி வைப்பது சிறப்பு. தில்லியிலும் சண்டிகரிலும் வாழ்வோர் அவ்வாறு செய்ய இயலாது. தில்லியின் வைகாசி வெயிலில் அந்த மெல்லிய ரப்பர் விரைவில் தேயும். பிரேக்குக்கும் சரியாக அடங்காது. ஆண்டுக்கு நாலைந்து நாள் மலையேறும் நம் போன்றோருக்கு ஏற்றது, மலைக்குறி பெற்ற எல்லாப் பருவ டயர். அது கோடை டயரைப்போல் கோடையிலும், குளிர்கால டயரைப்போல் குளிரிலும் சிறந்து நிற்காது. இரண்டிலும் ஓரளவு கைகொடுக்கும்.

அத்தகைய டயர் நம் நாட்டில் எல்லா அளவிலும் எளிதில் கிடைப்பதில்லை. 2020 ஜூன் மாதத்தில் புதிய டயர்களின் இறக்குமதிக்கு மத்திய அரசு கட்டுப்பாடு விதித்தது. பெரிய வண்டிகளுக்கான கரடுமுரடுப் பாதை டயர்கள் சிலவற்றில் மலைக்குறி உண்டு. சிறு கார்களின் அளவில் தேடத்தான் வேண்டும். நாங்கள் நாலைந்து கடை ஏறி இறங்கி, ஒரு மாதம் காத்திருந்தே பெற்றோம்.

பணத்தை மிச்சப்படுத்த முன்சக்கரங்களுக்கு மட்டும் இரண்டு வாங்கலாமா என்று ஹவில்தார் அண்ணாவைக் கேட்டோம். “வாங்காமல் இருப்பது அதைவிட மேல்” என்றார். முன்சக்கரம் பற்றி, பின்சக்கரம் வழுக்கினால், இறக்கத்து வளைவில் கார் பம்பரமாகச் சுழன்றுவிடும். ஆகவே நான்கும் ஒரே வகையாய் இருத்தல் அவசியம்.

கிடைக்கவில்லை, அல்லது செலவு தாங்காது என்போருக்கும் வழி உண்டு. காரை மணாலியில் நிறுத்திவிட்டு உள்ளூர் வண்டியில் போகலாம். இதில் தாழ்வு ஒன்றும் இல்லை. அந்த ஓட்டுநர்களின் பிழைப்பும் அதுவே. அந்தச் சாலை அவர்கள் வீட்டு முற்றம்.

எவராயினும் சங்கிலி ஒரு ஜோடி எடுத்துச் செல்ல வேண்டும். விசை செல்லும் சக்கரங்களுக்கு அதை மாட்ட வேண்டும். பெரும்பாலான சிறு கார்களில் அவை முன்சக்கரங்கள். பனிக்கொட்டும் இருளில் முதன்முதலாகப் பழகுவதைவிட வீட்டு வாசலிலேயே இரண்டு முறை மாட்டிப் பழகுவது நலம். சங்கிலியுடன் மணிக்கு 30 கிலோமீட்டருக்கு உட்பட்டே ஓட்ட வேண்டும். பனியற்ற சாலை வந்ததும் கழற்றிவிட வேண்டும்.

காற்றைப் பற்றியும் ஒரு சொல். குளிரில் டயரின் காற்றழுத்தம் குறையும். 5 அல்லது 6 டிகிரிக்கு ஏறக்குறைய 1 பவுண்டு வீதம். தில்லியில் 20 டிகிரியில் பிடித்த காற்று, பூச்சியத்துக்குக் கீழே 5 டிகிரியில் 4 பவுண்டுக்கு மேல் குறைந்திருக்கும். அதே சமயம் மலையுயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால், 3,000 மீட்டர் உயரத்தில் அளவுகோல் 4 பவுண்டுக்குச் சற்று மேல் கூட்டிக் காட்டும். ஒன்றையொன்று பெரும்பாலும் ஈடுசெய்துவிடும். ஆகவே மேலே போனதும் பிறர் பேச்சைக் கேட்டுக் காற்றை இறக்கவும் வேண்டாம், ஏற்றவும் வேண்டாம். காலையில் வண்டி புறப்படுமுன் அளந்து பார்த்து, கதவோரத்தில் எழுதியுள்ள அளவுக்குச் சரி செய்தால் போதும்.

இரண்டாம் பிரயாணம்

மறு ஆண்டு மீண்டும் புறப்பட்டோம். அன்னையார் முதலில் வரமாட்டேன் என்றார். டயரின் பக்கத்தில் பொறித்த மலையையும் பனித்துகளையும் காட்டினோம். விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “சரி, மலையே முத்திரை வைத்திருக்கிறது” என்று சிரித்துக்கொண்டே ஏறி அமர்ந்தார்.

மணாலிக்கு மேலே வெண்பனி படிந்த ஒரு திடலில், அருகில் எவரும் இல்லாததைப் பார்த்துக்கொண்டு, மெதுவாக ஓட்டிப் பிரேக் பிடித்துப் பழகினோம். கார் நின்றது. தார்ச்சாலையில் நிற்பதுபோல் அல்ல. சற்று ஓடி, தயங்கி நின்றது. திருப்பினால் திரும்பியது. எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்பது கைக்கும் காலுக்கும் தெரிந்ததும் பாதி அச்சம் அகன்றது.

பிற்பகல் சோலங்கை நெருங்கினோம். வானம் சாம்பல் நிறமாகியது. முதலில் ஒன்றிரண்டு துகள்கள். பத்து நிமிடத்தில் எதிரே இருந்த தேவதாரு மரங்கள் மறைந்தன. போலீசார் வண்டிகளை நிறுத்தி, நான்கு சக்கர விசையுள்ள வண்டிகளையும் சங்கிலி பூட்டிய வண்டிகளையும் மட்டும் மேலே விட்டுக்கொண்டிருந்தனர். எங்களிடம் சங்கிலி இருந்தது. போக அனுமதியும் கிடைத்திருக்கும். காருக்குள் விவாதம் எழுந்தது. “இவ்வளவு செலவு செய்து டயர் வாங்கியது எதற்கு?” என்று இளையவர்கள் கேட்டார்கள். உண்மையைச் சொன்னால், பெரியவர்கள் மனத்திலும் அதே கேள்விதான். புதிய டயர், புதிய சங்கிலி; இவை இரண்டும் சேர்ந்து எங்களுக்குப் புதிய அகந்தை ஒன்றையும் கொடுத்திருந்தன.

அன்னையார் வெகுநேரம் பேசாமல் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “டயர் வாங்கியது போவதற்கு மட்டுமா? திரும்பி வருவதற்கும்தானே?” என்றார்.

காரைத் திருப்பினோம். இறக்கத்தில் இரண்டாவது கியரில், முன்னால் செல்லும் வண்டிக்கு நெடுந்தூரம் இடம்விட்டு, பிரேக்கைப் பூப்போல் தொட்டு இறங்கினோம். வழியில் சாலைக்குக் குறுக்கே நின்ற கார்கள் மூன்றைக் கண்டோம். ஒன்றின் அருகில் ஒரு தந்தை, கைக்குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, வழுக்கை ஆகாத, பளபளக்கும் தம் புதிய டயரைத் திகைப்புடன் பார்த்துக்கொண்டு நின்றார். போன வருஷம் நாங்கள் நின்ற கோலம் அதுவே. இறங்கிச் சாலையோரத்து மண்ணை வாரித் தூவினோம், கால்மிதிகளை விரித்தோம். அவர் வண்டி நகர்ந்தது. எங்களுக்கு உதவிய அந்த ஓட்டுநருக்குக் கடனை அங்கே ஓரளவு தீர்த்தோம்.

இரண்டு நாள் மணாலியில் காத்திருந்தோம். மூன்றாம் நாள் வெயில் வந்தது. சாலையில் பனியை அகற்றி, வழி திறந்தார்கள். முற்பகலில் சுரங்கத்தைக் கடந்து, சந்திரா நதிக்கரையில் உள்ள சிசுவை அடைந்தோம். அன்னையார் காரைவிட்டு இறங்கி, புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, இரு கைகளாலும் வெண்பனியை அள்ளினார். நெற்றியில் விபூதிபோல் சிறிது தொட்டுக்கொண்டார். “பஞ்சாமிர்தம்போல் குளிர்கிறது” என்றார். மாலை மூன்று மணிக்குள் மணாலிக்குத் திரும்பிவிட்டோம். சாலை உறையத் தொடங்கும் வேளையில் நாங்கள் அடுப்பருகே அமர்ந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தோம்.

இவ்வாண்டும் குளிர்காலத்தில் மலை நோக்கிப் புறப்படும் அன்பர்களைக் கேட்டுக்கொள்கிறோம். பெட்டி கட்டுமுன் ஒரு தடவை காரின் அருகில் குந்தி உட்கார்ந்து டயரின் பக்கத்தைப் படியுங்கள். குறியைப் பாருங்கள், தேதியைப் பாருங்கள், ஆழத்தை அளந்து பாருங்கள். ஐயம் இருந்தால் மணாலியோடு நின்றுவிடுங்கள். வெண்பனி அடுத்த ஆண்டும் பெய்யும். நம் வீட்டுப் பெரியவர்களையும் குழந்தைகளையும் பத்திரமாகத் திரும்ப அழைத்து வருவதே நம் பிரயாணத்தின் பயன்.